முதலாளி வந்துவிட்டார்

அத்தியாயம் 11

பதினாறு வருஷமாக இல்லாத ஒரு மனிதர் போன வாரம் திடீரென்று உண்டாகிவிட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்கும், பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டு இன்னும் காத்திருப்பவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஜிப்பக்கா, கடைத்தெருக் கோடியில், மருந்துக் கடைக்கு அடுத்தாற்போல் பை ரிப்பேர் கடை வைத்திருப்பவள். பள்ளிக்கூடப் பை, கைப்பை, பிரயாணப் பெட்டி, எதில் ஜிப் மக்கர் செய்தாலும், பட்டை அறுந்தாலும், சக்கரம் கழன்றாலும் அவளிடம்தான் வரும். ஒரே ஆள் கடை. தைப்பது, பெருக்குவது, பணம் வாங்கிப் போடுவது எல்லாம் அவளே. வேலையில் கெட்டிக்காரி. ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு வராது. யார் முகத்தைப் பார்த்தும் 'முடியாது' என்று சொல்ல வராது.

அதற்காக ஒரு முதலாளியைக் கற்பனை செய்து வைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, செஞ்சு கொடுத்துடுவேன். முதலாளி ஒத்துக்க மாட்டார்," என்பாள். உடனே வேண்டும் என்று குதிப்பவர், பாதி விலைக்குப் பேரம் பேசுபவர், எல்லாரும் அடங்கிப் போவார்கள். அந்த முதலாளியின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு வயிற்றுவலி உண்டு என்பதும், மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதும் தெருவுக்கே தெரியும்.

இதற்கிடையே ஜிப்பக்காவின் கணவர், தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவிலிருந்து, போன மாதம் ஓய்வு பெற்றார். வேலையில் இருந்தவரை விடிவதற்குள் கிளம்பி, கடை மூடிய பிறகு வீடு திரும்பியவர். தெருவில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. வீட்டில் உட்காரப் பிடிக்காமல் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "நீங்கதானா சார் அந்த முதலாளி?" என்று கேட்டார்.

இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இந்த வாரத்துச் சங்கடம் முழுவதற்கும் காரணம்.

* * *

விடுமுறைக்கு இன்னும் இரண்டே நாள். ஊரிலுள்ள பெட்டிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் உடம்பு கெடுகிற பருவம். கடையில் சக்கரங்கள் தீர்ந்துவிட்டன. ஃபோனில் சொன்னால் மொத்த வியாபாரி அளவு மாற்றி அனுப்பிவிடுவான். நேரில் போய்ப் பொறுக்கி எடுத்தால்தான் ஜிப்பக்காவுக்குத் திருப்தி.

"மதியத்துக்குள்ள வந்துடறேங்க," என்றாள் கணவரிடம். "வர்ற பையை வாங்கி, பேரும் நம்பரும் எழுதிச் சீட்டுக் கட்டி, இந்தத் தட்டுல வையுங்க. தட்டு நிறைஞ்சதும் நிறுத்திடணும்."

ஜன்னலோரம் இருக்கும் அந்த மரத்தட்டுதான் அவள் கடையின் சட்டம். அதில் எவ்வளவு அடங்குமோ அவ்வளவுதான் ஒரு நாள் வேலை. அதற்கு மேல் வருவது அடுத்த நாள், அதற்கும் அடுத்த நாள். இந்தச் சட்டத்தை அவள் ஒரு நாளும் மீறியதில்லை.

"நிறுத்திடணும்னா? என்ன சொல்லி நிறுத்தறது?"

"முதலாளி ஒத்துக்க மாட்டார்னு சொல்லுங்க."

கணவர் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தார். "நானே இங்க உக்காந்துகிட்டு, நானே ஒத்துக்க மாட்டேன்னு எப்படிம்மா சொல்றது?"

வாசலில் மகளின் டாக்ஸி ஹாரன் அடித்தது. ஜிப்பக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்போ ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னு சொல்லுங்க. 'நாளைக்கு'ங்கற வார்த்தையை மட்டும் வாயில எடுத்துடாதீங்க. புரிஞ்சுதா?"

"பார்க்கலாம்," என்றார் அவர்.

அலுவலகத்தில் அவருக்குப் 'பார்க்கலாம் சார்' என்றே பட்டப்பெயர். ஜிப்பக்கா அந்த அவசரத்தில் அதை யோசிக்கவில்லை.

* * *

மகளும் ஒற்றை ஆளாகத்தான் டாக்ஸி ஓட்டுகிறாள். சொந்த வண்டி. அம்மாவிடம் வாய் பேசுவதில் மட்டும் எந்த வேகக் கட்டுப்பாடும் கிடையாது.

"ஏம்மா, இன்னும் எத்தனை நாளைக்கு அந்த ஆளை வச்சுச் சமாளிக்கப்போற?"

"எந்த ஆளை?"

"உன் முதலாளியைத்தான். சின்ன வயசுல நான் நிஜம்னே நினைச்சேன். ஸ்கூல்ல கட்டுரை எழுதச் சொன்னப்போ, 'என் அம்மாவின் முதலாளி ஒரு கொடுமைக்காரர்'னு எழுதிட்டேன். டீச்சர் தனியாக் கூப்பிட்டு விசாரிச்சாங்க."

ஜிப்பக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "நீ ஏண்டி இதை எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னா முதலாளி உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாரோன்னு பயம்."

வண்டி சிக்னலில் நின்றது. ஜிப்பக்கா வலது கட்டை விரலின் அடிப்பகுதியை இடது கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். மகள் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னார்? சரியாச் சொல்லு, மழுப்பாத."

"அளவாப் பயன்படுத்தினா இன்னும் ரொம்ப வருஷம் ஓடும்னார். அளவு மீறினா ஆபரேஷன்தான்னார். அப்புறமும் பழைய பிடி வராதாம்."

கை போனால் கடை போச்சு. அது இருவருக்கும் தெரியும். கடையில் அவளுக்குப் பதிலாக உட்கார வேறு ஆள் இல்லை.

"கடை ஆரம்பிச்ச புதுசுல," என்றாள் ஜிப்பக்கா, "யார் என்ன கேட்டாலும் சரி சரின்னுதான் சொன்னேன். ஒரு மாசத்துல கை வீங்கி, டம்ளரைத் தூக்க முடியல. அப்போ ஒரு ஆள் பெட்டியைக் கொண்டுவந்து, இப்பவே வேணும்னு கத்தறான். என்ன சொல்றதுன்னு தெரியல. 'முதலாளி திட்டுவாருங்க'ன்னு வாயில வந்துடுச்சு. அவ்வளவுதான், ஆள் அப்படியே குரலை இறக்கிட்டான். 'சரிம்மா, உனக்கு எதுக்குப் பாவம் தொந்தரவு'ன்னான்."

"உனக்காகக் குரலை இறக்கலம்மா. இல்லாத ஒரு ஆம்பளைக்காக இறக்கினான்."

"எதுக்காக இறக்கினா என்ன? நான் தப்பிச்சேன்ல?"

"நானெல்லாம் அலுப்பா இருந்தா, 'இன்னைக்கு வரமுடியாதுங்க'ன்னு சொல்லிட்டு ஃபோனை அணைச்சுடுவேன்."

"என் வயித்துல பொறந்து உனக்கு மட்டும் அது எப்படி வந்துச்சோ!"

"உன் முதலாளியைப் பார்த்துக் கத்துகிட்டேன்," என்றாள் மகள்.

* * *

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே ஜிப்பக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கடை வாசலில், நடைபாதையில், வரிசையாகப் பெட்டிகள் நின்றுகொண்டிருந்தன. ரயில் நிலையமே தேவலாம்.

உள்ளே தட்டு நிறைந்து, தரை நிறைந்து, தையல் மெஷின் மேல்கூட இரண்டு பைகள் ஏறி உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றிலும் சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும், அவர் அலுவலகத்தில் கோப்பு எழுதிய அதே குண்டு குண்டான கையெழுத்தில், 'நாளை' என்று எழுதியிருந்தது. கீழே கோடு வேறு போட்டிருந்தார்.

நாற்காலியில் கணவர் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் மூன்று நான்கு பேர். மருந்துக் கடைக்காரர் தேநீர் வாங்கிக் கொடுத்து உபசாரம் செய்துகொண்டிருந்தார்.

"வாம்மா!" என்றார் மருந்துக் கடைக்காரர். "உன் முதலாளியைப் பத்தி என்னென்னமோ சொல்லி வச்சிருந்தியே. தங்கமான மனுஷன்! என் பொண்ணோட பெட்டி நாளைக்கே வேணும்னேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசல."

கணக்கு டீச்சர் அவரைவிட ஒரு படி மேலே போனார். கடை திறந்த நாளிலிருந்து வருகிறவர், எதையும் நேராகப் பேசுகிறவர். நாற்காலிப் பக்கம் குனிந்து, ஆனால் தெருவுக்கே கேட்கும்படி, "சார், சொன்னாத் தப்பா நினைக்காதீங்க. இந்தப் பொண்ணு மாதிரி ஒரு ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டா. லீவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, பாவம். பார்த்து ஏதாவது சம்பளம் கூட்டிக் கொடுங்க," என்றார்.

"பார்க்கலாம்," என்றார் கணவர்.

பின்னால் சக்கர மூட்டையோடு நின்ற மகள் பெருஞ்சத்தமாகச் சிரித்துவிட்டாள். ஜிப்பக்கா சிரிக்கவில்லை. காது மடல் வரைக்கும் சூடேறியது. இந்த மனிதரிடம் அவளுக்கு வந்த கோபம் ஒரு பக்கம். அதைவிட, இந்தக் கடையில் தான் இத்தனை வருஷமும் சம்பளத்துக்கு இருந்த ஆள் என்று ஊரே நம்பியிருக்கிறதே, நம்ப வைத்தது தானே, என்ற வேதனை இன்னொரு பக்கம்.

"நீங்க கொஞ்சம் உள்ள வாங்க," என்றாள்.

முதலாளியை வேலைக்காரி அழைத்த தோரணையைப் பார்த்து மருந்துக் கடைக்காரர் புருவத்தை உயர்த்தினார்.

* * *

கடைக்குப் பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் இரண்டு பேர் பக்கவாட்டில் நிற்க இடம். சண்டை போடுவதற்கு அது போதாது. ஆகவே மெல்லிய குரலில்தான் போட வேண்டியிருந்தது.

"தட்டு நிறைஞ்சா நிறுத்துங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"நாளைக்குன்னு சொல்லாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"அப்புறம்? சரின்னு சொன்னது உங்க வாய். செய்யப்போறது என் கை."

கணவர் திரை ஓரத்தில் தொங்கிய நூலை இழுத்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு சந்தோஷமாப் போனாங்க தெரியுமா?" என்றார் கடைசியில். "என் டேபிளுக்கு வந்தவங்க ஒருத்தர்கூட அப்படிப் போனதில்ல. குழாயில தண்ணி வரலன்னு வருவாங்க. நான் என்ன சொல்வேன்? 'மேலிடத்துல கேக்கணும், பார்க்கலாம்.' சர்வீஸ் முழுக்க அதையேதான் சொன்னேன். என் வாயால ஒருத்தருக்கும் 'சரி, நாளைக்கு ஆயிடும்'னு சொல்ல எனக்கு அதிகாரம் இருந்ததில்ல. இன்னைக்குக் காலையில முதல் ஆளுக்குச் சொன்னேன். அந்த அம்மா முகம் மலர்ந்துச்சு பாரு! அப்புறம் என்னால நிறுத்த முடியல."

ஜிப்பக்காவுக்குக் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. மீதிப் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க முகம் நாளைக்கு வாடும். அப்போ நீங்க இருக்க மாட்டீங்க, நான்தான் இருப்பேன்."

"நானே திருப்பிச் சொல்லிடறேம்மா. யோசிச்சுப் பார்த்தேன், முடியாதுன்னு எல்லாருக்கும் ஃபோன் பண்ணிடறேன். என்ன, முதலாளி மனசு மாறிட்டார்னு நினைப்பாங்க."

நல்ல யோசனைதான். வேறு நாளாக இருந்தால் அவள் அதையே பிடித்துக்கொண்டிருப்பாள். இன்று பயமாக இருந்தது. இவர் இன்றைக்கு முடியாது என்று சொல்லிவிட்டால், அப்புறம் முதலாளி என்பது இவர்தான் என்று முடிவாகிவிடும். நாளைக்கு இவர் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம். அவள் கையால் ஆகும் வேலைக்கு இவர் வாய் அளவு வைக்கும்.

"வேண்டாம்," என்றாள். "முதல்ல நான் உக்காந்து பார்க்கறேன்."

உட்கார்ந்தாள். மகள் காலியாகக் கிடந்த ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சக்கரங்களைப் பிரித்துக் கொடுத்தாள். ஜிப்பக்கா முதல் பெட்டிக்குச் சக்கரம் மாட்டினாள். இரண்டாவதில் ஜிப்பை இழுக்கும் ரன்னரைக் குறடால் இறுக்கினாள். மூன்றாவதில் பழைய ரிவெட் ஆணியைப் பிடுங்கும்போது கட்டை விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. குறடு நழுவி மேஜைக்கடியில் விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். மறுபடியும் நழுவியது.

தரையெல்லாம் பரவிக்கிடந்த பெட்டிகளை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். எழுந்தாள். தட்டில் இருந்த பைகள் மட்டும் தட்டில் இருக்க, மற்றவற்றை எல்லாம் வாசல் பக்கம் நகர்த்த ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்ற?" என்றாள் மகள்.

"எல்லாத்தையும் திருப்பிக் கொடுக்கப்போறேன்."

* * *

அந்த நேரம் பார்த்துச் சுற்றுலாக்காரர் வந்து சேர்ந்தார்.

இவர் பயணிகளைக் கூட்டம் கூட்டமாக வெளியூர் அழைத்துப் போகும் நிறுவனம் நடத்துகிறவர். வாசலில் நின்ற பெட்டிகளில் பாதி இவருடையவை. காலையில் முதலாளியிடம் 'நாளை' வாங்கிக்கொண்டு போனவர், இப்போது வேனில் இன்னொரு லோடு கொண்டுவந்துவிட்டார்.

"சார், வணக்கம்!" என்று நாற்காலியைப் பார்த்துக் கை நீட்டினார். "காலையில பேசினபடி, இனிமே வாராவாரம் எங்க பெட்டி எல்லாம் உங்க கடைக்குத்தான். சில்லறைக் கிராக்கி எல்லாத்தையும் நிறுத்திடுங்க. பள்ளிக்கூடப் பை, கைப்பை எல்லாம் எதுக்கு? நம்ம வேலை ஒண்ணே போதும். என்ன சொல்றீங்க?"

நீட்டிய கையைக் கணவர் பிடிக்கவில்லை. ஜிப்பக்காவைப் பார்த்தார்.

பெண்மணிகளே, ஐயாமார்களே, இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். ஒருவர் கொடுக்கும் வேலையை நம்பியே கடை நடத்தினால் என்ன ஆகும் என்று ஜிப்பக்காவுக்கு நன்றாகத் தெரியும். இந்தத் தெருவில் அப்படி மூடிய கடைகளை அவள் பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பையும் கைப்பையும் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால்தான், ஒருவர் வராவிட்டாலும் இன்னொருவர் வருவதால்தான், அவள் கடை நிற்கிறது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் எதிரில் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, தெரிந்து என்ன பயன்?

"முதலாளி..." என்று ஆரம்பித்தாள். பதினாறு வருஷப் பழக்கம், வாய் தானாக அங்கேதான் போயிற்று.

பாதியில் நின்றாள். மருந்துக் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி நான்தாங்க," என்றாள். "இந்த வேலையை என்னால செய்ய முடியாது. இன்னைக்குக் கொண்டுவந்ததையும் முடியாது. வாராவாரமும் முடியாது."

சுற்றுலாக்காரர் அவளைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே நாற்காலிப் பக்கம் திரும்பினார். "என்ன சார், இந்த அம்மா தமாஷ் பண்றாங்க. நீங்க சொல்லுங்க."

கணவர் நாற்காலியை விட்டு எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"நான் இவங்க வீட்டுக்காரர். கடை இவங்களுது. காலையில நான் சொன்னது தப்பு. எனக்கு ஒரு ஜிப்பைக்கூட மாட்டத் தெரியாது சார்."

சுற்றுலாக்காரருக்கு வந்த கோபத்தை நான் அப்படியே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். கடைசி நேரத்தில் கழுத்தை அறுத்துவிட்டீர்கள் என்றார். வேறு கடையே இல்லையா என்றார். ஜிப்பக்கா தலையாட்டிக்கொண்டே அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாக வேனுக்கு எடுத்துக் கொடுத்தாள். தான் சக்கரம் மாட்டி முடித்த பெட்டியைத் தனியாகக் காட்டி, "இதுக்குக் காசு வேண்டாம்," என்றாள். வேன் போய்விட்டது.

அதன் பிறகுதான் மருந்துக் கடைக்காரர் வாயைத் திறந்தார்.

"அப்போ முதலாளின்னு ஒருத்தரே கிடையாதா?"

"இல்லீங்க."

"வயித்துவலின்னு நான் கொடுத்து அனுப்புவேனே, டானிக்கு?"

ஜிப்பக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தாங்க குடிச்சேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மருந்துக் கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "அவர் சௌக்கியமான்னு வாரம் தவறாம விசாரிச்சிருக்கேன். நீயும் முகம் மாறாம, இப்போ பரவாயில்லீங்கன்னு சொல்லியிருக்க," என்றார். தன் மகளின் பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அது அவளுக்கும் தெரிந்தது, அதனால்தான் கூப்பிட வாய் வரவில்லை.

கணக்கு டீச்சர் மட்டும் அசையாமல் நின்றார். அவர் வேறு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இரு. முதலாளிக்கு உடம்பு சரியில்லன்னு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு நாள் கடை மூடுவியே?"

"அன்னைக்கு எனக்குத்தான் உடம்பு சரியில்ல."

"லீவு கேட்டாக் கொடுக்க மாட்டார்னு சொல்லுவியே?"

"ஆமாம்."

"சம்பளம் கூட்டவே மாட்டேங்கறார்னு சொல்லுவியே? விலையை ஏத்துன்னு நானே உங்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்? அவர் விட மாட்டார்னியே?"

ஜிப்பக்கா கட்டை விரலை அழுத்திக்கொண்டாள்.

"அப்போ அந்தக் கொடுமைக்காரி நீதானா?" என்றார் டீச்சர்.

அவர் திட்டவில்லை. கணக்கு சரியாக வந்ததும் விடையைச் சொல்வதுபோல்தான் சொன்னார். ஆனால் ஜிப்பக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தவர்களை அடக்குவதற்காகத்தான் அந்த முதலாளியை வைத்தோம் என்று நினைத்திருந்தாள். அவர்களிடம் அவர் அப்படி ஒன்றும் கறாராக இருக்கவில்லை. ரெண்டு நாள் தள்ளி வா என்பார், அவ்வளவுதான். விடாமல் வதைத்தது அவள் ஒருத்தியைத்தான். காய்ச்சலோடு கடை திறக்க வைத்தார். விரல் வலிக்கிறது என்று ஒரு நாள்கூட உட்கார விடவில்லை.

"ஆமாம் டீச்சர்," என்றாள். "நான்தான்."

"நல்ல வேளை, போய்ச் சேர்ந்தார்," என்று சொல்லிவிட்டு, டீச்சர் தன் கைப்பையைத் தட்டில் இருந்தபடியே விட்டுவிட்டுப் போனார். "எனக்கு அவசரம் இல்ல. விரல் சரியானதும் செய்."

* * *

மாலை வரை ஃபோன்தான். சீட்டில் எழுதியிருந்த ஒவ்வொரு நம்பருக்கும் அவளே பேசினாள். முதல் ஆளிடம் குரல் நடுங்கியது. "முடியாதுங்க, மன்னிச்சுக்கங்க," என்றாள். நாலாவது ஆளிடம் மன்னிப்பு மட்டும் இருந்தது, நடுக்கம் இல்லை. அதற்கப்புறம் மன்னிப்பும் கொஞ்சம் சுருங்கியது. சிலர் வந்து முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போனார்கள். சிலர் விடுமுறைக்கு அப்புறம் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். ஒருவர் மட்டும் இனி இந்தக் கடைப் பக்கமே வரமாட்டேன் என்றார். அவள் சரிங்க என்றாள்.

கணவர் ஓடி ஓடிப் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தார். நாற்காலியில் உட்காரவே இல்லை. தெரு விளக்குகள் எரியத் தொடங்கிய நேரம் தரை காலியாகி, தட்டில் இருந்தவை மட்டும் தட்டில் இருந்தன. மகள் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தாள்.

அவர் ஷட்டரைப் பாதி இறக்கியவர், அப்படியே நின்றார்.

"ஏம்மா... நாளைக்கும் நான் கடைக்கு வரட்டுமா? ஓரமா ஸ்டூல்ல உக்காந்துக்கறேன். வாயே திறக்க மாட்டேன்."

ஜிப்பக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். மதியம் அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவள் பார்த்திருக்கிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் அவளிடம் வாய்விட்டு எதுவும் கேட்டவர் இல்லை. சரி என்று சொல்லிவிட்டால் இந்த நிமிஷம் சுலபமாகக் கடந்துபோகும். நாளைக்கு வருகிற ஒவ்வொரு ஆளும் அவளிடம் கேட்டுவிட்டு, ஸ்டூலைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"வேண்டாங்க," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். "ம். புரியுது."

"கோபமா?"

"சேச்சே. நீ சொல்றது சரிதான்."

மீதி ஷட்டரையும் இறக்கிப் பூட்டினார். சாவியை அவள் கையில் கொடுத்தார். வண்டிக் கதவைத் திறந்தவர், ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, சின்ன விஷயம் ஒன்றைக் கேட்பதுபோல் கேட்டார்.

"அப்போ காலையில எழுந்து, குளிச்சு, சட்டையை மாட்டிகிட்டு, நான் எங்க போறது?"

வண்டியைக் கிளப்பியிருந்த மகள் அதை அணைத்தாள். ஜிப்பக்கா சாவியைக் கையில் பிடித்தபடி அவரிடம் வந்து நின்றாள்.